பிறர் துயரைப் பாடும் உரிமை

ஞாயிறுதோறும் பொது மன்றாட்டு வேளையில் நோயுற்றோருக்காகவும், விதவைகளுக்காகவும், வேலையிழந்தோருக்காகவும், ஒடுக்கப்பட்டோருக்காகவும் நாம் வாய் திறக்கின்றோம். அவர்களுள் பலர் நம் கண்முன்னே அமர்ந்திருக்கின்றனர். மாதச் சம்பளமும் குருமனையும் உடைய நாம், கூலி கிடைக்காதவனின் நெஞ்சுக்குள் புகுந்து பேசுவது எங்ஙனம்? கவிஞர்களைக் குறித்து நம் மாணவர்கள் எழுப்பும் வினாவும் இதனோடு ஒட்டியதே. வசதியிலும் உயர்குடியிலும் பிறந்த ஒருவர், தாம் படாத பாட்டைப் பட்டவராக நின்று பாடலாமா? பாடலாகாது என்போமாயின், ஊமையருக்காக வாய் திறக்குமாறு ஓர் அரசனுக்கு அவன் தாய் கூறிய அறிவுரையை (நீதி. 31:8) என்ன செய்வது? தாராளமாகப் பாடலாம் என்போமாயின், ஏழு நாள் மௌனமாய் இருந்தபோது நண்பர்களாயிருந்து, வாய் திறந்தபின் அலட்டுகிற தேற்றரவாளர்களாய் மாறிய யோபுவின் தோழர்கள் நினைவுக்கு வருகின்றனர். பொதுப்படப் பேசினால் இவ்வினா முடிவு பெறாது. ஆகவே, திருச்சபை நன்கறிந்த ஒரு கவிஞரை எடுத்துக்கொள்வோம்.

வில்லியம் கூப்பர் (1731–1800) இங்கிலாந்தில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய தந்தையின் குடும்பத்தில் நாட்டின் உயர் நீதிப் பதவியாகிய லார்ட் சான்சலர் பதவியை வகித்தவரும் உண்டு. இம்மானுவேலின் இரத்த ஊற்றைக் குறித்து அவர் இயற்றிய கீதத்தை நம் சபைகள் இன்றும் மொழிபெயர்ப்பில் பாடி வருகின்றன. ஒல்னி என்னும் சிற்றூரில் ஜான் நியூட்டனோடு இணைந்து அவர் உருவாக்கிய பாடல் தொகுப்பு 1779-இல் வெளிவந்தது. அடிமை வாணிபத்தை ஒழிக்க 1787-இல் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. மக்கள் நாவில் வழங்கும் மெட்டுகளில் பாடல்கள் வேண்டுமென்று அச்சங்கத்தார் கேட்டுக்கொள்ள, 1788-இல் கூப்பர் சில கதைப்பாடல்களை எழுதினார். அவற்றுள் புகழ்பெற்றது ‘நீக்ரோவின் முறையீடு’. ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்து செல்லப்பட்ட ஓர் அடிமையே ‘நான்’ என்று பேசுவதாக அது அமைந்துள்ளது. பாடியவரோ ஆப்பிரிக்கக் கரையையும் கண்டதில்லை, கரும்புத் தோட்டத்தையும் கண்டதில்லை.

கூப்பரைத் துன்பமறியாதவர் என்று தள்ளிவிடவும் இயலாது. 1763-இல் மனநோய் முற்றித் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றவர் அவர். பின்னாட்களில், தேவனால் என்றென்றைக்கும் கைவிடப்பட்டவன் தான் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவேயில்லை. துயரத்தின் ஆழத்தை அவர் அறிவார். எனினும் விற்கப்படுதல் என்பதை அறியார். ஒரு வேதனை மற்றொரு வேதனைக்குச் சாவியாகலாம் என்று எண்ணுவது நம் போதகர்களிடத்தும் உள்ள பழக்கம். இழப்பைக் கண்ட நமக்கு எல்லா இழப்பும் விளங்கும் என்று துணிந்துவிடுகின்றோம். சாவி சில வேளைகளில் பூட்டினுள் நுழைகிறது, கதவுதான் திறப்பதில்லை.

அந்தப் பாடலை நல்ல தாளில் அச்சிட்டு, சிறியதாக மடித்து, ‘தேநீர் மேசையில் உரையாடுவதற்குரிய பொருள்’ என்னும் தலைப்பிட்டு ஆயிரக்கணக்கில் நாடெங்கும் அனுப்பினர் என்று அவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதிய தாமஸ் கிளார்க்சன் கூறுகிறார். தேநீர் மேசை என்றதை வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். அம்மேசையில் இருந்த சர்க்கரை அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அதே ஆண்டில் கூப்பர் எழுதிய மற்றொரு சிறு பாடல் இந்த முரணைத்தான் தொடுகிறது. அதில் பேசுபவர் அடிமை அல்லர். இரக்கமுள்ள ஓர் ஆங்கிலேயர். அடிமைகளை எண்ணி மனம் வெதும்புகிறார். ஆனால் சர்க்கரையும் ரம் மதுவும் இன்றி வாழ்வது எப்படி என்று கேட்டு வாய் மூடிக்கொள்கிறார். முந்திய பாடலைவிட இது கலைநயத்தில் குறைந்ததென்பர். ஆயினும் உண்மையில் மிகுந்தது இதுவே என்பது நம் கருத்து. முன்னதில் கூப்பர் தமக்குத் தெரியாத நெஞ்சினுள் நின்று பேசினார். பின்னதில் தமக்கு மிக நன்றாகத் தெரிந்த நெஞ்சை, தம் சொந்த வகுப்பாரின் நெஞ்சைத் திறந்து காட்டினார். 1791-இல் பாராளுமன்றம் வாணிப ஒழிப்புத் தீர்மானத்தைத் தள்ளியபின், சர்க்கரையை விலக்கிய குடும்பங்கள் பல. விலக்கியோர் மூன்று இலட்சம் பேர் இருக்கலாம் என்பது கிளார்க்சனின் கணிப்பு.

நியூட்டனுடைய நிலைமை வேறு. அவர் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்தவர். 1748-இல் மனந்திரும்பிய பின்னரும் 1754 வரை அத்தொழிலில் நீடித்தவர். 1788-இல் அவ்வாணிபத்தைக் குறித்து அவர் வெளியிட்ட சிறு நூல், பாதிக்கப்பட்டவரின் குரலில் அன்று, பாதித்தவரின் குரலில் எழுதப்பட்ட சாட்சி. கடலை விட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தே அவ்வாய் திறந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

இனி, இவர்கள் யாருக்காகப் பேசினார்களோ அவர்கள் பேசாதிருந்தார்களா? ஏழெட்டு வயதுச் சிறுமியாக 1761-இல் பாஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டவர் பிலிஸ் வீட்லி. ஏறி வந்த கப்பலின் பெயரையே அவருக்குச் சூட்டினர். அவருடைய கவிதை நூல் 1773-இல் இலண்டனில் வெளிவந்தது. இக்கவிதைகளை இயற்றியவர் இவரே என்று பாஸ்டன் நகரத்துப் பெரியோர் பதினெண்மர் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்று அந்நூலின் முகப்பில் இடம்பெற்றது. ஆளுநரும் குருமாரும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். அடிமைப் பெண் தன் சொந்தக் குரலில் பேசப் பதினெட்டுப் பேரின் சான்று தேவைப்பட்டது. அடிமையின் குரலில் பேசிய கூப்பரிடம் எவரும் சான்று கேட்கவில்லை. வசதி படைத்தோர் பேசலாமா என்ற வினாவைவிட, யார் பேசினால் உலகம் நம்புகிறது என்ற வினாவே நம்மை மிகுதியாக உறுத்த வேண்டும்.

வீட்லியின் பாடல்கள் பிற்கால வாசகர் பலருக்கு ஏமாற்றமளித்தன. தாம் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதைத் தேவ இரக்கம் என்றே ஒரு பாடலில் அவர் கூறுகிறார். அனுதாபிகள் எதிர்பார்த்த கூக்குரல் அங்கே இல்லை. ஆனால் 1774-இல் மொஹீகன் இனத்துக் குருவானவர் சாம்சன் ஆக்கமுக்கு அவர் எழுதிய கடிதத்தில், விடுதலை வேட்கையை ஒவ்வொரு மனித உள்ளத்திலும் தேவனே நட்டிருக்கிறார் என்று தெளிவாக வாதிடுகிறார். துன்புறுவோர் நாம் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுவதில்லை. 1789-இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்ட ஒலாவுடா எக்குவியானோ, தம் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகளைக் கண்டார். கூப்பரின் அடிமை முறையிடுகிறான். எக்குவியானோ வாதாடுகிறார், கணக்குக் காட்டுகிறார், சிரிக்கவும் செய்கிறார்.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. சேக்கிழார் சுருங்கப் பாடிய திருநாளைப்போவார் கதையை, அந்தணராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக விரித்தார். பெரியபுராணத்தில் இல்லாத ஓர் அந்தண ஆண்டையை அவரே படைத்து, பண்ணையாளின் ஏக்கத்தையும் ஆண்டையின் கடுமையையும் எதிரெதிரே நிறுத்தினார். தம் குலத்தார் மீதே அவ்வளவு கூர்மையாகக் கை வைத்த துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் கதையின் முடிவு புராணத்தினின்று மாறவில்லை: நந்தனார் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார். விடுதலை என்றால் தன்னைப்போல் ஆவதே என்று பாடுகிறவரின் கற்பனை எண்ணிவிடுகிறது. தலித் இறையியலை வகுத்த அர்விந்த் நிர்மல், பட்டவரின் வேதனையே அவ்விறையியலின் ஊற்று என்றும், வெளியே நிற்போர் அதனை ஆக்க இயலாது என்றும் 1980-களில் வாதிட்டபோது நம்மவர் சிலர் மனம் நொந்தனர். நந்தனாரின் முடிவை ஊன்றிப் படித்தவர் அவ்வளவு நோகமாட்டார்.

திருமறையில் இவ்வினாவை நேரே எதிர்கொள்ளும் நூல் புலம்பல். அதன் ஆசிரியர் யாரென்று எபிரெய மூலம் கூறவில்லை. எரேமியா என்பது மரபு. முதல் அதிகாரத்தில் கவிஞர் எருசலேமை ஒரு விதவையாக உருவகித்து, அவளைக் குறித்துப் படர்க்கையில் பேசிக்கொண்டே போகிறார். அவள் பாவத்தையும் அவள் வஸ்திர ஓரத்துத் தீட்டையும் அவர் எடுத்துரைக்கும் இடத்தில், திடீரென அவளே குறுக்கிட்டுக் கர்த்தரை நோக்கித் தன் சிறுமையைப் பாருமென்று கதறுகிறாள் (1:9). கவிஞர் மீண்டும் தொடர்கிறார். மீண்டும் குறுக்கிடுகிறாள் (1:11). அதன்பின் அவ்வதிகாரத்தில் பெரும்பாலும் அவள் குரலே கேட்கிறது. தன் கலகத்தை அவள் மறுக்கவில்லை (1:18). ஆனால் அதனை அறிக்கையிடுகிற வாய் அவளுடையது.

இரண்டாம் அதிகாரத்தில் கவிஞர் மாறிவிடுகிறார். அவருடைய கண்கள் கண்ணீரால் பூத்துப்போகின்றன (2:11). அவளைக் குறித்துப் பேசியவர் இப்பொழுது அவளோடு பேசுகிறார். உன் துயருக்கு எதை ஒப்பிடுவேன் என்று உவமை அற்று நிற்கிறார் (2:13). உவமை தேடுவதே கவிஞரின் தொழில் அல்லவா! இறுதியில் அவளுக்காகத் தாம் மன்றாடுவதை விட்டு, இரவிலே எழுந்து நீயே கூப்பிடு என்று அவளை ஏவுகிறார் (2:18–19). உடனே பேசுகிறவள் அவள். அவள் கேட்கும் கேள்விகளோ, தேவனை நோக்கிக் கவிஞர் கேட்கத் துணியாதவை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பொறுப்பிலிருந்த கிராமச் சபையொன்றில், கிணறு வெட்டும்போது மண் சரிந்து ஒருவர் மாண்டார். அடக்க ஆராதனையில் அவர் மனைவியின் துயரத்தை உருக்கமாக விவரித்தோம். கேட்டோர் அழுதனர். நன்றாகப் பேசினோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் அந்த அம்மையாரைச் சந்திக்கச் சென்றபோது, “ஐயா, நான் அழுததையெல்லாம் சொன்னீங்க. அவருக்கு வரவேண்டிய ஒன்பது நாள் கூலியைச் சொல்லலையே. முதலாளியும் அங்கதானே உக்காந்திருந்தாரு” என்றார்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டு வேளையில் அவரையே பேசுமாறு கேட்டுக்கொண்டோம். முதலில் மறுத்தார். பின்னர் எழுந்து, ஜெபமாக அன்று, கணக்காகவே சொன்னார்: இத்தனை நாள், நாளொன்றுக்கு இவ்வளவு, கொடுத்த முன்பணம் இவ்வளவு. முடிந்ததும் என்ன செய்வதென்று சபையாருக்கு விளங்கவில்லை. நாம் ஆமென் என்றோம். சிலர் சேர்ந்து சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்துக் கூலியில் பாதி வந்தது.