சட்டை உரித்த பல்லியின் சிறு காயங்கள்

வளர்ப்புப் பல்லிக்குத் தோலில் ஏற்படும் சிறு காயங்களில் பல, அது சட்டை உரிக்கும் நாட்களை ஒட்டியே வருகின்றன. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களைத் தாயகமாகக் கொண்ட லெப்பர்ட் கெக்கோ, உலகெங்கும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பல்லிகளில் ஒன்று. பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் முழுதாக உருவான பிறகு, இரண்டுக்கும் இடையே ஒரு திரவம் ஊறி அவற்றைப் பிரிக்கிறது. அப்போது உடல் மங்கிச் சாம்பல் நிறமாகும். பிறகு பல்லி மூக்கைக் கல்லில் தேய்த்து, வாயோரத்தில் தோலைக் கிழித்து, கடித்து இழுத்துக் கழற்றித் தின்றுவிடும். குட்டிகள் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறையும், வளர்ந்தவை ஏறக்குறைய மாதம் ஒருமுறையும் இப்படிச் சட்டை உரிக்கும்.

காற்றில் ஈரம் குறைந்தால் அந்தத் திரவம் போதாமல் போகிறது. தோல் விரல்களிலும் வால் நுனியிலும் கண்ணைச் சுற்றியும் ஒட்டி நின்றுவிடும். விரலில் நின்ற தோல் காயக் காயச் சுருங்கி, வளையமாக இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல் முதலில் வீங்கும், பிறகு கறுக்கும், கடைசியில் உதிர்ந்துவிடும். சொரசொரப்பான கல்லில் அளவுக்கு மீறி உரசுவதாலும், ஒரே கூண்டில் இருக்கும் இன்னொரு பல்லி கடிப்பதாலும் கீறல் விழுவதுண்டு. வளர்ப்பவரின் அவசரமும் ஒரு காரணம். தொங்கும் தோலைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது. உலர்ந்த தோலைப் பிடித்து இழுத்தால் அடியில் இருக்கும் இளந்தோலும் சேர்ந்து கிழிந்து வரும்.

இரத்தம் துளிர்க்கிறது என்றால் சுத்தமான பஞ்சுத்துணியால் ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் போதும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் கழுவ வேண்டும். பொவிடோன் அயோடின் பூசுவதானால் வெளிர் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு நீர்த்தபின் தொட்டு வைக்கலாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதுத் திசுவையே அரித்துவிடும் என்பதால் கூடாது. நம் வீடுகளில் எந்தக் காயத்துக்கும் முதலில் எடுப்பது மஞ்சள்தூளும் தேங்காய் எண்ணெயும்தான். இங்கே இரண்டும் வேண்டாம். தூள் காயத்தில் அப்பிக் காய்ந்துவிடும், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

களிம்பு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பல்லி தன் உடலை நக்கும். பூசியது வயிற்றுக்குள் போகும். வலிநீக்கும் லிக்னோகெயின், பென்சோகெயின் கலந்த களிம்புகள் அதற்கு நஞ்சாகலாம். மருத்துவர் சீட்டில்லாமலே நம் ஊரில் புழங்கும் ஸ்டீராய்டு களிம்புகள் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். களிம்பு வேண்டுமா, எது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் கட்டுப் போட முயல வேண்டாம்.

மருந்தைவிடக் கூண்டின் நிலைதான் காயத்தை ஆற்றுகிறது என்று சொல்லலாம். மணலையும் தேங்காய் நார்த்தூளையும் அகற்றி, டிஷ்யூ காகிதம் விரித்துத் தினமும் மாற்ற வேண்டும். பல்லி குளிர்இரத்தப் பிராணி; அதன் நோய் எதிர்ப்பாற்றல் உடல் சூட்டைப் பொறுத்தது. ஆகவே கூண்டின் சூடான பக்கத்தில் தரை 31–32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். தின்னாமல் விட்ட வெட்டுக்கிளி வகைப் பூச்சிகளை இரவு முழுக்க உள்ளே விடக் கூடாது. அவை பல்லியின் காயத்தையே கொறிக்கும்.

ஒட்டி நிற்கும் தோலை எடுக்க, பாதம் நனையும் அளவு வெதுவெதுப்பான நீரில் பல்லியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, ஈரப் பஞ்சுக்குச்சியை விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி உருட்ட வேண்டும். வரவில்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கண்ணருகே மட்டும் கை வைக்கவே கூடாது. திறந்த காயம் உள்ள பல்லியை நீரில் ஊறவைப்பதும் சரியல்ல. நனைத்த டிஷ்யூ போட்ட சிறு பெட்டியே போதும். வாலைப் பிடித்துத் தூக்கினால் வாலே கழன்றுவிடும். லெப்பர்ட் கெக்கோவுக்கு மீண்டும் வால் முளைக்கும். நியூ கலிடோனியாவைச் சேர்ந்த கிரெஸ்டட் கெக்கோவுக்கு முளைக்காது.

பொருக்கைப் பிய்க்காமல் விட்டால் பெரும்பாலும் அடுத்த சட்டையோடு அதுவும் போய்விடும். ஊர்வனவற்றின் சீழ் நீராக வழியாது, பாலாடைக்கட்டி போல் இறுகிக் கெட்டியாகும். ஆகவே ஒன்றும் வடியவில்லை என்று நிம்மதி கொள்ளக் கூடாது. தோலுக்கடியில் கட்டி தட்டுப்பட்டாலே சீழ் என்று சந்தேகிக்க வேண்டும். கறுத்த விரல், சதை தெரியும் காயம், திறக்காத கண், இரை எடுக்காமை ஆகியவையும் வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டவை. ஒவ்வொரு முறையும் தோல் ஒட்டுகிறது என்றால் ஈரப் பெட்டி இல்லாததோ, உணவில் வைட்டமின் ஏ குறைவதோ காரணமாக இருக்கலாம்.

பல்லிகளின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பக்கத்தில் அப்படி யார் இருக்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொண்ட பிறகே பல்லியை வாங்குங்கள்.