ஒரு ஞாயிறு, ஓர் அணை

பனியன் கம்பெனிக்காரர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. அவசர ஆர்டர் வந்துவிட்டால் அந்த ஞாயிறும் பாதி போய்விடும். தீபாவளியையும் பொங்கலையும் விட்டால் சேர்ந்தாற்போல நாலு நாள் கிடைப்பது அபூர்வம். அதனால் எங்கள் பக்கத்தில் ‘டூர்’ என்றாலே, விடியக் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வீடு வந்து சேர்கிற சங்கதிதான். நான் உடுமலைப்பேட்டைக்காரன். பிழைப்பு திருப்பூரில், ஒரு கம்பெனியின் செக்கிங் பிரிவில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: எங்க ஊருக்கு வாங்க, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கு ஓர் அணைதான்.

என் மனைவியின் அண்ணன் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. “மாப்ள, காலைல திருமூர்த்தி, மதியம் அமராவதி, அப்படியே மூணாறை எட்டிப் பாத்துட்டு வந்தர்லாம்” என்பார். உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர். பாதிக்கு மேல் கொண்டை ஊசி வளைவும் காடும். எட்டிப் பார்க்கிற தூரமா அது? அப்படிப் போனால் பிள்ளைகள் பார்ப்பது முன் சீட்டின் முதுகைத்தான்.

பல்லடத்திலிருந்து குடிமங்கலம், பெதப்பம்பட்டி வழியாக உடுமலைக்கு வருகிற ரோட்டில் இரண்டு பக்கமும் காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் பீறிட்டுக்கொண்டு வருகிறது. ஆனி, ஆடியில் பைக் ஓட்டினால் வண்டியே ஒரு பக்கம் சாயும். மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட, எங்களுக்குக் காற்றும் குளிர்ச்சியும் தூறலும் மிச்சம். உடுமலையை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று சொல்வது இதனால்தான். மழையில்லாத சீமையாகிவிட்டதால்தான் அணைகளும் வேண்டியிருந்தன.

திருமூர்த்தி மலை, ஊரிலிருந்து தளி வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். வெள்ளையரை எதிர்த்த எத்தலப்ப நாயக்கரின் பாளையம் இந்தத் தளிதான். அதைத் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மலை எழுந்து நிற்கும். அடிவாரத்தில் அணை, அதை ஒட்டி அமணலிங்கேஸ்வரர் கோவில், மேலே பஞ்சலிங்க அருவி. இந்த அணையில் நிற்கிற தண்ணீரில் பெரும்பங்கு இந்த மலையில் பெய்ததல்ல. பரம்பிக்குளம் பக்கத்து மலைகளில் பிடித்த தண்ணீர் சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதி மின் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சுமார் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் மலையை ஒட்டியே வளைந்து வளைந்து இங்கே வந்து விழுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம், சுருக்கமாக பிஏபி, என்கிற இந்த ஏற்பாட்டில் பாசனம் பெறும் நிலம் மொத்தம் 3.77 லட்சம் ஏக்கர். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். ‘பிஏபி தண்ணி வந்திருச்சா?’ என்பதுதான் எங்கள் பக்கத்துக் குசலம் விசாரிப்பு.

கோவிலைப் பற்றி அத்திரி முனிவர், அனுசுயா தேவி கதை சொல்வார்கள். மும்மூர்த்திகளும் பிச்சை கேட்டு வந்து சோதித்தபோது அனுசுயா அவர்களைக் குழந்தைகளாக்கிவிட்டாளாம். பாறையில் உள்ள சிற்பத்தைச் சமணர் காலத்தது என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆடி அமாவாசைக்கு வந்தால் கதையைவிடக் கண்ணுக்கு நிறைவாக ஒன்று கிடைக்கும். விவசாயிகள் மாட்டுக்குச் சலங்கை கட்டி வண்டி பூட்டிக்கொண்டு வருவார்கள். தீர்த்தம் எடுத்துப்போய்ப் பயிருக்கும் மாட்டுக்கும் தெளிப்பார்கள். கூட்டம் தாங்காது என்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் வர வேண்டாம்.

அருவிக்குக் கோவிலிலிருந்து காட்டுக்குள் ஏறிப் போக வேண்டும். வயசானவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். குரங்குகள் கையிலிருக்கும் பையைத்தான் குறி வைக்கும். பரிதாபப்பட்டு எதையும் கொடுக்காதீர்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அருவியில் வெள்ளம் வரலாம். மழை பெய்வது மேலே குருமலை, குழிப்பட்டி பக்கம். அது நம் கண்ணுக்குத் தெரியாது. கோவிலை ஒட்டி ஓடும் தோணியாறு பெருகினால் கோவிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிடும், உண்டியல்களுக்குப் பாலித்தீன் கவர் கட்டி வைப்பார்கள். ஆகவே குளிக்க வேண்டாம் என்று தடுத்தால் ‘எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம் தெரியுமா’ என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. மார்ச் முதல் மே வரை அருவி நூல் மாதிரி இறங்கும். குளிக்க ஆசைப்பட்டால் மழைக்காலத்துக்குப் பிறகு வருவதே மேல்.

கோடை ஞாயிற்றுக்கு ஏற்றது அமராவதி. உடுமலைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். காமராஜர் ஆட்சியில் 1957-இல் கட்டிய 90 அடி அணை, நாலு டி.எம்.சி. கொள்ளளவு. கேரளத்திலிருந்து வருகிற பாம்பாறும், சின்னாறும், தேனாறும் சேர்ந்து இங்கே நிரம்பி, கொழுமம், குமரலிங்கம் நெல் வயல்களுக்குப் பாய்ந்து, கரூர் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. அணைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1975-இல் ஆரம்பித்தது. சதுப்புநில முதலைகள் அருகிப்போன நேரத்தில், நீர்ப்பிடிப்பு ஓரங்களில் அவை இட்ட முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து வளர்த்தார்கள்.

பிள்ளைகள் முதலில் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் முதலை அசையவே அசையாது. வாயைப் பிளந்துகொண்டு சிலையாகக் கிடக்கும். “செத்துப் போச்சாப்பா?” என்று என் சின்னவள் கேட்டாள். அது உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதையும் கூட்டின் சூடுதான் தீர்மானிக்கிறது என்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. கடைசியில் ஒன்று தண்ணீருக்குள் சறுக்கி இறங்கியபோது அத்தனை பிள்ளைகளும் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பாட்டி, “அடச் சாமீ” என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓட்டல் தேடாதீர்கள். தூக்குப்போசியில் அரிசியும் பருப்பும் சாதம் கொண்டு வாருங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்துத் துவரம்பருப்போடு வேகவைத்த சாதம், காலையில் செய்தது மதியம்வரை தாக்குப்பிடிக்கும். கூடவே தயிரும் அப்பளமும் ஒரு மாங்காய் ஊறுகாயும். தொட்டுக்கொள்ள மீனை அணைப் பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஜிலேபி மீன்தான் அதிகம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் குளங்களைப் பிடித்துக்கொண்ட திலாப்பியா. செதில் சீவி, இரண்டு பக்கமும் நாலு கீறல் போட்டு, மிளகாய்த்தூளும் உப்பும் மஞ்சளும் கீறலுக்குள் இறங்கத் தேய்த்து வைத்திருப்பார்கள். நான் எப்போதும் வாங்குகிற அக்கா எண்ணெயை அதிகம் காயவிட மாட்டார். “மசாலா கருகிப் போயிருமுங்க, மீன் வேகாது” என்பார். வால் மொறுமொறுவென்று ஆனதும் எடுத்து இலையில் போட்டு, நம் பிள்ளையைப் பார்த்துவிட்டு, “முள்ளு பாத்துக் குடுங்கண்ணா கண்ணுக்கு” என்பார். பொரித்து அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள். நம் முன்னால் எண்ணெயில் போடச் சொல்லுங்கள், பத்து நிமிஷம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டு நாள் லீவு இருந்தால் பேச்சே வேறு. அப்போதும் மூணாறு வேண்டாம், போகிற வழியில் உள்ள மறையூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் காடு, அப்புறம் கேரளத்தின் சின்னாறு சரணாலயம். யானை ரோட்டைக் கடக்கும். ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்திக் காத்திருங்கள். பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும். மறையூரில் சந்தனக் காடும், முனியறை என்கிற பழைய கல் அறைகளும் இருக்கின்றன. ஆலையில் கொதிக்கக் கொதிக்கக் கரும்புப் பாகு காய்ச்சிக் கையால் உருட்டுகிற வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் வாங்குவதைவிட ஆலையில் நின்று சூடாக ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்ன வேண்டும்.

பொங்கல் லீவில் வருகிறவர்கள் அணையை விட்டுவிட்டுச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்குப் போகலாம். மாட்டுப் பொங்கலை ஒட்டிச் சுற்றுவட்டாரத்துப் பால் எல்லாம் அபிஷேகத்துக்கு அங்கே வந்துவிடும். மாடு கன்று நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். சின்னதும் பெரியதுமாக, வண்ணம் பூசிய மண் மாடுகள் வரிசை வரிசையாக நிற்பதை நகரத்துப் பிள்ளைகள் பொம்மைக் கடை என்று நினைத்து விலை கேட்பதும் உண்டு.

திரும்பிப் போகும்போது உடுமலைச் சந்தையில் தக்காளி வாங்காமல் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் வண்டி ஏற மாட்டார்கள். இங்கே தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கு, கேரள வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். விலை விழுந்த வாரத்தில் ஒரு பெட்டியின் விலை நம் டீச் செலவுக்குக் கூடக் காணாது, விளைவித்தவன் முகத்தைப் பார்த்தால் பேரம் பேச வாய் வராது. ஆனாலும் என் பெரியம்மா பேசுவார். ஒரு பெட்டியை இரண்டு குடும்பமாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பழுத்ததை அடியில் போட்டுவிட்டால் பல்லடம் போவதற்குள் சாறாகிவிடும்.