மோட்டார் சைக்கிள் இன்ஷூரன்ஸும் 'நோ கிளெயிம்' தள்ளுபடியும்

சைக்கிளின் பின்னே துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு சங்கத்திற்கு மிதித்து வந்த காலம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நூலும் பாவும் பெற்றுச் செல்லும் நெசவாளரும், விடியுமுன் காய்கறிக் கூடையுடன் சந்தைக்கு விரையும் விவசாயியும் இன்று மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கின்றனர். தறியும் ஏரும் எவ்வாறு தொழிற்கருவிகளோ, அவ்வாறே இவ்வண்டியும் ஒரு தொழிற்கருவியாகிவிட்டது. அது ஒரு வாரம் பட்டறையில் நின்றால் ஒரு வாரக் கூலி தடைப்படும் வீடுகள் நம்மிடையே பல உண்டு.

இருப்பினும், அவ்வண்டியின் இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் படித்துப் பார்ப்போர் மிகச் சிலரே. போலீஸார் கேட்டால் காட்டுவதற்கான ஒரு காகிதம் என்ற அளவிலேயே அது பெட்டியில் உறங்குகின்றது. நாம் தணிக்கைக்காகச் செல்லும் சங்கங்களில் இருவகை அங்கத்தினர்களைக் காண்கின்றோம். ஒரு சாரார், கண்ணாடி ஒன்று உடைந்தாலும், "பணம் கட்டியிருக்கிறோமே" என்று இழப்பீடு கோரி விண்ணப்பிக்கின்றனர். மற்றொரு சாரார், வண்டி பெருஞ்சேதம் அடைந்த போதும், "போனஸ் போய்விடுமே" என்று அஞ்சி, கடன் வாங்கிப் பழுது பார்க்கின்றனர். இவ்விரண்டும் தவறு என்பதையும், எது நலம் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

பாலிசியின் இரு பகுதிகள்

மோட்டார் சைக்கிள் பாலிசியில் இரண்டு பகுதிகள் உள. முதலாவது, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றிற்கானது; இதனை மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்பர். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1946 முதல் இது நம் நாட்டில் கட்டாயமாயிற்று. இன்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு இதனை வற்புறுத்துகின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இஃதின்றி வண்டி ஓட்டுவோர்க்கு முதன் முறை ரூ. 2,000-மும், மறுமுறை ரூ. 4,000-மும் அபராதம் விதிக்கப்படலாம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இரண்டாவது, நம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்திற்கும் திருட்டிற்குமானது. இது சட்டப்படி கட்டாயமன்று. நம் விருப்பத்தைப் பொறுத்தது.

'நோ கிளெயிம் போனஸ்' எனப்படுவது இந்த இரண்டாம் பகுதிக்கு மட்டுமே உரியது என்பது முதலில் கவனிக்கற்பாலது. மூன்றாம் நபர் கட்டணத்தில் ஒரு காசும் குறையாது. அது அரசாங்கம் நிர்ணயிக்கும் கட்டணம். 2022 ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்த விகிதப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு அது ஆண்டொன்றுக்கு ரூ. 714. எனவே, "ஐம்பது சதவிகிதத் தள்ளுபடி என்றார்களே, பாதிப் பணம் குறையவில்லையே" என்று மயங்குதல் வேண்டா. பாதியாகக் குறைவது சொந்தச் சேதக் கட்டணம் மட்டுமே.

தள்ளுபடி ஏறும் படிகள்

தள்ளுபடி என்னும் சொல் நெசவாளர்க்குப் புதிதன்று. பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிக்குக் கொடுக்கும் தள்ளுபடி, வாங்குபவர் யாராயினும் கிடைக்கும். இதுவோ, இழப்பீடு கோராது கழித்த ஆண்டுகளைக் கொண்டு ஒவ்வொருவரும் தாமே ஈட்டிக்கொள்ள வேண்டியதாகும்.

இழப்பீடு கோராது ஓர் ஆண்டு முழுவதும் கழிந்தால், புதுப்பிக்கும்போது சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 சதவிகிதம் குறையும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தால் 25. மூன்று ஆண்டுகளுக்கு 35. நான்கு ஆண்டுகளுக்கு 45. ஐந்து ஆண்டுகளுக்கு 50. அதற்கு மேல் ஏறாது. இதுவே பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. இடையில் ஒருமுறை இழப்பீடு கோரினால், ஏறிய படிகள் அனைத்தினின்றும் இறங்கி மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும். கோரிய தொகை சிறிதா பெரிதா என்று கம்பெனி பார்ப்பதில்லை. தவறு எவருடையது என்றும் பார்ப்பதில்லை. எதிரே வந்தவர் மோதியிருப்பினும், நம் பாலிசியின் மீது கோரினால் தள்ளுபடி போய்விடும்.

கணக்குப் பார்த்துக் கோருக

இனி, இழப்பு எவ்வளவு என்பதைப் பார்ப்போம். எளிமைக்காக, தள்ளுபடி இல்லாதபோது ஒருவருடைய சொந்தச் சேதக் கட்டணம் ஆண்டுக்கு ரூ. 1,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் நான்கு ஆண்டுகள் கோராதிருந்து 45 சதவிகிதம் பெற்றுவிட்டார். ஐந்தாம் ஆண்டும் கோராதிருப்பின், அடுத்து 50 சதவிகிதம் பெற்று ஆண்டுதோறும் ரூ. 500 மட்டுமே கட்டுவார்.

அவர் இவ்வாண்டு இழப்பீடு கோரிவிட்டால், அடுத்த ஆண்டு ரூ. 1,000 கட்டவேண்டும்; இழப்பு ரூ. 500. அதற்கடுத்த ஆண்டுகளில் முறையே ரூ. 800, 750, 650, 550 கட்டவேண்டும், இழப்பு ரூ. 300, 250, 150, 50. ஆறாம் ஆண்டில்தான் பழைய நிலையை அடைவார். மொத்த இழப்பு ரூ. 1,250, அதாவது ஓர் ஆண்டின் முழுக் கட்டணத்தைப் போல் ஒன்றேகால் பங்கு. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் கட்டணமும் குறைந்து, உண்மையான இழப்பு இதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். முதல் ஆண்டிலேயே கோருபவருக்கோ, இதே முறையில் கணக்கிட்டால், இழப்பு அரைப் பங்கு, அதாவது ரூ. 500 மட்டுமே.

மறுபுறம், கோரினால் கைக்கு வருவது எவ்வளவு? பட்டறைச் செலவு முழுவதும் வருவதில்லை. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதி விலையே கிடைக்கும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதிற்கேற்பத் தேய்மானம் கழிப்பர். நான்கு வயது கடந்து ஐந்துக்கு உட்பட்ட வண்டிக்கு அது 35 சதவிகிதம். இவையன்றி, இரு சக்கர வண்டிக்குக் கட்டாயக் கழிவாகப் பொதுவாக ரூ. 100 உண்டு.

மேற்கூறியவர் மழைச் சேற்றில் வழுக்கி விழுந்தார் என்க. பழுது பார்க்க ரூ. 1,800 செலவு: பிளாஸ்டிக் பாகங்கள் ரூ. 800, உலோகப் பாகம் ரூ. 400, கூலி ரூ. 600. இவற்றிற்குக் கிடைப்பது முறையே ரூ. 400, ரூ. 260, ரூ. 600, கழிவு ரூ. 100 போகக் கைக்கு வருவது ரூ. 1,160. இதனைப் பெறுவதற்காக ஏறத்தாழ ரூ. 1,250-ஐ இழப்பதா? அலைச்சலும் தாமதமும் வேறு. இங்குக் கோராதிருத்தலே சிக்கனம்.

ஆனால், அதே வண்டி லாரியில் மோதி, கழிவுகள் போக ரூ. 6,000 கிடைக்கும் என்றால்? இழப்பு அதே ரூ. 1,250 தான், சேதம் பெரிதாவதனால் தள்ளுபடியின் இழப்பு பெரிதாவதில்லை. அவ்விடத்தில் கோராதிருப்பது, சேமித்த நெல்லைக் களஞ்சியத்தில் வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும். பிரீமியம் கட்டியது இத்தகைய நாளுக்காகவே அன்றோ?

ஆகவே, அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய விதி எளியது: கழிவுகள் போகக் கைக்கு வரும் தொகை, ஓராண்டின் முழுச் சொந்தச் சேதக் கட்டணத்தில் ஒன்றேகால் பங்கிற்கு மிஞ்சுமானால் தயங்காது கோரலாம். குறையுமானால், தாம் ஏறிநிற்கும் படியை வைத்து ஒருமுறை கணக்கிட்டு முடிவு செய்க. பிறருக்குக் காயம் பட்ட விபத்தில் மட்டும் இக்கணக்கிற்கு இடமேயில்லை. அதனைப் போலீஸுக்கும் கம்பெனிக்கும் உடனே தெரிவித்தல் கடமை. தள்ளுபடியை எண்ணி அதனை மறைப்பவர், நீதிமன்றம் விதிக்கும் பெருந்தொகைக்குத் தம் வீட்டையும் நிலத்தையும் ஈடாக வைக்க நேரலாம்.

தள்ளுபடி மனிதருக்கே உரியது

இத்தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று; வண்டியின் சொந்தக்காரருக்கு உரியது. இதனை அறியாது ஏமாறுவோர் பலர். பழைய வண்டியை விற்பவர், தம் கம்பெனியிடமிருந்து தள்ளுபடிக்கான சான்றிதழைப் பெற்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் வேறு மோட்டார் சைக்கிளுக்கு அதனைப் பயன்படுத்தலாம். கம்பெனியை மாற்றினாலும் தள்ளுபடி தொடரும். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஈட்டியதைக் காருக்கோ சரக்கு வண்டிக்கோ மாற்ற இயலாது.

பழைய வண்டி வாங்குவோர், விற்றவரின் தள்ளுபடியைத் தமதாகக் கருதலாகாது. பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதி, தள்ளுபடி வித்தியாசத்தையும் செலுத்திவிட வேண்டும். தமக்கு இல்லாத தள்ளுபடியை உண்டென்று பொய்யாக அறிவித்துப் பெற்றால், சேதம் நேரும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

குடும்பத் தலைவர் காலமானால், அவ்வண்டியைப் பயன்படுத்தும் மனைவிக்கோ மக்களுக்கோ பெற்றோருக்கோ அவரது தள்ளுபடி சேரும். துயர காலத்தில் இதனைக் கேட்டுப் பெற வேண்டும் என்று அறியாத குடும்பங்களுக்குச் சங்கத்தார் எடுத்துரைத்தல் நலம்.

தொண்ணூறு நாள் கெடு

கோரியதனால் தள்ளுபடியை இழப்போர் ஒருபுறமிருக்க, வெறும் மறதியினால் இழப்போரும் உளர். பாலிசி முடிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், ஈட்டிய தள்ளுபடி முழுவதும் அழிந்துவிடும். அவ்விடைக்காலத்தில் நேரும் சேதத்திற்கோ இழப்பீடே இல்லை.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. 2018 செப்டம்பர் முதல், புதிய இரு சக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது விதி. சொந்தச் சேதப் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்கே கொடுக்கப்படுகின்றது. பத்திரத்தில் ஐந்தாண்டு என்று கண்டதும், எல்லாம் ஐந்தாண்டுக்கு உண்டென்று எண்ணி வாளாவிருப்போர், இரண்டாம் ஆண்டிலேயே சொந்த வண்டிக்குப் பாதுகாப்பின்றி ஓட்டுகின்றனர். 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதப் பகுதியை மட்டும் தனியே எடுக்கவும் வசதி செய்யப்பட்டுள்ளது. எனவே, பத்திரத்தில் இரு பகுதிகளுக்கும் தனித்தனியே குறித்துள்ள முடிவுத் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்று மாலையே தம் பாலிசியை எடுத்து, நான்கு விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்: சொந்தச் சேதப் பகுதி முடியும் தேதி, மூன்றாம் நபர் பகுதி முடியும் தேதி, தள்ளுபடிக்கு முன்னுள்ள சொந்தச் சேதக் கட்டணம், தற்போதைய தள்ளுபடி விகிதம். விபத்து நேர்ந்த பின் கணக்குப் பார்க்க மனம் ஓடாது. முன்னரே குறித்து வைத்தவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை.

சங்கக் காரியதரிசிகள் இதற்கென ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, அங்கத்தினர்களின் முடிவுத் தேதிகளை அதில் பதிந்து, ஒரு மாதத்திற்கு முன் நினைவூட்டலாம். கடன் தவணைக்கு நினைவூட்டும் சங்கம் இதற்கும் நினைவூட்டினால், உழைத்துப் பெற்ற சலுகை ஒன்று மறதியால் அழியாமல் காக்கப்படும். சில நூறு ரூபாய்தானே என்று கருதலாகாது. அத்தொகையை நெய்து ஈட்ட எத்தனை கெஜம் வேண்டும் என்பதை நெசவாளர் அறிவர். அதற்கு எத்தனை கூடை விற்க வேண்டும் என்பதை விவசாயி அறிவார்.