மவுஸ் பிடிக்கும் கை மரத்துப் போகுதா? சுளுக்குன்னு உருவி விடாதீங்க!

கான்சாபுரம்:
கான்சாபுரம், கூமாபட்டி பகுதிகளில் இருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்தில் டி.டி.பி. சென்டர், ஜெராக்ஸ் கடை, மில் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர்களுக்கு மணிக்கட்டு வலி வரலாம். பலரும் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறார்கள். ஆனால் அது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம்.

அடையாளம் என்ன?
மணிக்கட்டில் குறுகலான பாதை ஒன்று உண்டு. அதில் செல்லும் நரம்பு நசுங்கினால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகும். சுண்டு விரலுக்கு ஒண்ணும் ஆகாது. ராத்திரி தூக்கம் கலைந்து கையை உதறத் தோன்றும். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

தடுப்பது எப்படி?
* மணிக்கட்டை மேலே வளைக்காமல் நேராக வையுங்கள். மேஜை விளிம்பில் அழுத்தாதீர்கள்.
* மவுசை கீபோர்டு பக்கத்திலேயே, அதே உயரத்தில் வைத்து, முழங்கையில் இருந்து நகர்த்துங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.
* அரை மணிக்கு ஒரு தரம் கையை விரித்து மூடுங்கள். காப்பி, பேஸ்ட்டுக்கு கீபோர்டே போதும்.
* ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டித் தூங்கினால் பலருக்கு மரப்பு குறையும்.

சில வாரம் பார்த்தும் குறையவில்லையா? கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறதா? கட்டை விரல் அடிச்சதை மெலிகிறதா? உடனே அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். நாள் கடத்தினால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். சோறு போடும் கையாச்சே!