இருமலுக்கு நாள்கணக்கு வையுங்கள்

நெஞ்சுக்கூடு – தொடர்: 11

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கு வருகிறவர்கள், வண்டியை விட்டு இறங்கியதும் மூச்சை நன்றாக இழுத்து விடுவார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே ஆலைப் புகை இல்லை, லாரி நெரிசலும் இல்லை. இப்படிப்பட்ட காற்று வீசும் திருப்புலி நாட்டிலும் அரியூர் நாட்டிலும் நுரையீரல் நோய் எங்கிருந்து வரும்? வீட்டுக்குள்ளிருந்தே வரலாம்.

மார்கழிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரம் காயாத விறகை வைத்து அடுப்பெரிக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஜவ்வாது, கல்வராயன், பச்சைமலை என்று விறகை நம்பியிருக்கும் எந்த மலையூருக்கும் இது பொருந்தும். வெளியே எவ்வளவு நல்ல காற்று வீசினாலும், சமைக்கிறவரும் அவர் இடுப்பிலிருக்கும் குழந்தையும் இழுப்பது அடுப்பங்கரைக் காற்றைத்தான்.

சென்ற வாரம் ஆஸ்துமாவைப் பார்த்தோம். இந்த வாரம், வந்து போகும் தொற்றையும் வந்தபின் போகாத நோயையும் பிரித்துப் பார்ப்போம். இரண்டும் இருமலாகத்தான் தலைகாட்டும். எந்த இருமலை மிளகுக் கஷாயத்தோடு விட்டுவிடலாம், எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள எளிய வழி, எண்ணுவதுதான்.

பத்து நாள்

மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, லேசான காய்ச்சலோடு வருபவை பெரும்பாலும் வைரஸ் தொற்றுகள். ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையால் பயனில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் விழுங்குவதால், பின்னால் நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகும் ஆபத்துதான் கூடுகிறது.

ஒரு நிமிடம்

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, நிமிடக் கணக்குதான். இருமலோ சளியோ உள்ள குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. மூச்சு இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலையிறங்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நிமோனியாவை உண்டாக்கும் இரண்டு முக்கியக் கிருமிகளுக்கு அரசே இலவசத் தடுப்பூசி போடுகிறது. ஹிப் கிருமிக்கான பென்டாவேலன்ட் 2011 டிசம்பரிலேயே தமிழகத்துக்கு வந்துவிட்டது. நிமோகாக்கல் தடுப்பூசி 2021இல் சேர்ந்தது.

இரண்டு வாரம்

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். காசநோய்க்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம். சாதாரண வகையென்றால் ஆறு மாத மருந்து. அதற்காக ஊரைவிட்டுப் போய் எங்கும் படுக்க வேண்டியதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரிய சிகிச்சைக்கு இணையான பலன் கிடைக்கும் என்று உலகத்துக்கே காட்டியது.

மூன்று மாதம், இரண்டு வருடம்

வருடத்தில் மூன்று மாதம் சளியோடு இருமல், அடுத்த வருடமும் அதேபோல் என்றால் அது நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. இதையும் உள்ளடக்கியதுதான் மருத்துவர்கள் சீட்டில் எழுதும் சி.ஓ.பி.டி. புகை ஆண்டுக்கணக்கில் உள்ளே போகப் போக மூச்சுக்குழாய்களின் சுவர் தடித்துக் குறுகும், காற்றறைகள் சிதையும். இழுத்த காற்றை முழுதாக வெளியே விட முடியாது. அடுப்பூதும் குழலை ஊத மூச்சு போதவில்லை என்பதே முதல் அறிகுறியாக இருக்கலாம். பலர் அதை வயது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஊதும் மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் விநாடியில் வெளியே வர வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. சுமார் 2.4 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது. பீடியைத் தொடாதவருக்கும் இந்த நோய் வரும்.

இந்த நோய் குணமாகாது. ஆனால் கட்டுக்குள் இருக்கும். இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். சால்பியூட்டமால் இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் இருப்பது 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு.

தொற்றும் நாள்பட்ட நோயும் ஒன்றையொன்று வளர்க்கும். காசநோய் ஆறினாலும் விட்டுப்போகும் தழும்பு பின்னாளில் மூச்சுத்திணறலாகலாம். சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு ஒவ்வொரு ஃப்ளூ காய்ச்சலும் நுரையீரலின் பலத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகும்.

அடுப்பை மாற்றினால் எல்லாம் தீருமா?

விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் கர்ப்பிணிப் பெண்களின் வீடுகளுக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் ஆய்வு நடத்தியது. கௌதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. பெண்கள் சுவாசித்த நுண்துகள் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால், 2024இல் வெளியான முடிவுப்படி, ஒரு வயதுக்குள் வரும் கடும் நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை. அடுப்பு மாற வேண்டும், அது போதாது. தடுப்பூசி, தாய்ப்பால், சத்தான உணவு, சீக்கிரம் எட்டும் சிகிச்சை எல்லாம் சேர்ந்தால்தான் குழந்தை தப்பும்.

கேஸ் வரும்வரை காய்ந்த விறகும், திறந்த ஜன்னலும், குழந்தையை அடுப்படியில் விடாமலிருப்பதும் ஓரளவு உதவும். அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. மலையூர்களில் அந்த ஊழியர் தவறாமல் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: எத்தனை நாளாக இருமல்? வீட்டில் என்ன அடுப்பு?

(தொடரும்)