வாயில்லாச் சீவனை வலியின்றி வழியனுப்புதல்

நாயோ பூனையோ இல்லாத வீடு எங்கள் ஊர்களில் குறைவு. முற்றத்தில் காவலுக்கு ஒரு நாய், குசினிப் பக்கம் எலி பிடிக்க ஒரு பூனை என்று ஏதாவதொரு சீவன் எம்மோடு இருந்துகொண்டே இருக்கும். அதற்குச் சோறு வைப்பதும், புண் வந்தால் மருந்து போடுவதும், குட்டி போட்டால் சாக்கு விரித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலைதான். ஆனால் அந்தச் சீவன் முதுமையடைந்து, மாறாத நோயில் விழுந்து, எழும்ப முடியாமல் கிடக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி நாம் கதைப்பதில்லை.

"அது தன்பாட்டில் கிடந்து போகட்டும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் சாக்கில் கட்டி எங்கேயாவது தூரத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இன்னும் சிலர் சோற்றில் நஞ்சு கலந்து வைக்கிறார்கள். இம்மூன்றையும் விட நல்ல வழியொன்று இருக்கிறது. மிருக வைத்தியரை வீட்டுக்கு அழைத்து, ஊசி மூலம் வலியில்லாமல் அதன் உயிரைப் பிரியச் செய்வதே அது. இதனைக் கருணைக்கொலை என்பார்கள். அதிலுள்ள கொலை என்ற சொல்தான் பலரைப் பின்வாங்கச் செய்கிறது.

பெரியம்மாவும் செல்லியும்

எனது பெரியம்மா வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990இல் இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீடுகளிலுமாக இருபது வருடங்களுக்கு மேல் கழித்துவிட்டு, 2011இல் தன் காணிக்குத் திரும்பினார். கூரையில்லாத வீடும் பற்றை மூடிய வளவும்தான் அங்கே இருந்தன. பெரியப்பா காலமாகிவிட்டார். ஒரே மகன் கனடாவில். அந்த வருடக் கடைசியில், சந்தைக்குப் பக்கத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன நான்கு குட்டிகளில் ஒன்றைத் தூக்கிவந்து செல்லி என்று பெயர் வைத்தார். அந்த நான்கும் பெட்டைக் குட்டிகள். தெருவில் விடப்படுபவை பெரும்பாலும் பெட்டைகளே என்பதை வாசகியருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பதின்மூன்று வருடம் செல்லி அந்த வளவைக் காத்தது. இரவில் தனியாகப் படுக்கும் ஒரு பெண்ணுக்கு வாசலில் ஒரு நாய் கிடப்பது எவ்வளவு பெரிய துணை என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2023இல் செல்லியின் முலைக்காம்பருகே கடலை அளவில் ஒரு கட்டி தென்பட்டது. அடுத்த வருடம் அது தேசிக்காய் அளவாகி, வெடித்துப் புண்ணாகியது. பெரியம்மா காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் கழுவி, இலையான் மொய்க்காமல் பழைய சீலைத் துண்டால் கட்டிவிடுவார். பின்னர் இருமலும் மூச்சிரைப்பும் தொடங்கின. மிருக வைத்தியர் வந்து பரிசோதித்துவிட்டு, புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவியிருக்கிறது, இனிச் சத்திரசிகிச்சையால் பயனில்லை என்றார். வலி குறைய மருந்து கொடுத்தார். சில வாரங்கள் அது உதவியது. பிறகு அதுவும் போதவில்லை.

வைத்தியர் ஊசியைப் பற்றிச் சொன்ன அன்றிலிருந்து ஆளுக்கொரு கதை. "ஊசி போட்டுக் கொல்லுறது பெரிய பாவம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கனடாவிலிருந்து அண்ணா வீடியோவில் வந்து, "அம்மா, இங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. நாளைக்கே முடியுங்கோ" என்றார். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, அது என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்கேலாமல் கிடக்கு. அதுக்காக நானே அதைக் கொல்லச் சொல்லுறதோ?" என்று கேட்டார்.

கருத்துச் சொன்ன எவரும் ஒரு நாளாவது அந்தப் புண்ணைக் கழுவியதில்லை என்பதை நான் கவனித்தேன். எங்கள் வீடுகளில் நோயாளியைப் பராமரிப்பது ஒருவர், முடிவெடுப்பது வேறொருவர் என்ற வழக்கம் மனிதருக்கும் உண்டு, மிருகத்துக்கும் உண்டு. "பெரியம்மா, இதை முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான். மற்றவை சொல்லுறதைக் கேளுங்கோ, ஆனால் செல்லியைப் பார்த்து முடிவெடுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

எப்படி முடிவெடுப்பது?

அமெரிக்க மிருகப் புற்றுநோய் வைத்தியரான அலிஸ் வில்லலோபோஸ் 2004இல் இதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் ஏழு விடயங்கள் உள்ளன.

1. வலி கட்டுப்பாட்டில் உள்ளதா? சிரமமின்றி மூச்சு விடுகிறதா?
2. போதுமான அளவு சாப்பிடுகிறதா?
3. தண்ணீர் குடிக்கிறதா? உடலில் நீர்த்தன்மை உள்ளதா?
4. உடலைச் சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா?
5. மகிழ்ச்சி உண்டா? வீட்டாரைக் கண்டு வாலை ஆட்டுகிறதா?
6. எழும்பி நடமாட முடிகிறதா?
7. கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் அதிகமா?

ஒவ்வொன்றுக்கும் 10க்குள் புள்ளியிட வேண்டும். மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவரது கணிப்பு. மூச்சு விடச் சிரமப்படுவதை அவர் வலியோடு சேர்த்து முதலாவதாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். மூச்சுத் திணறலைப் போன்ற வேதனை வேறில்லை.

புள்ளி போடுவது சிரமம் என்றால் நாட்காட்டி போதும். பெரியம்மா அதைத்தான் செய்தார். நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு புள்ளடி. இரண்டு வாரம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது 14 நாட்களில் 11 புள்ளடிகள். நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வைத்தியருக்குச் சொல்லு பிள்ளை" என்றார்.

இது பாவமா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எமது சமயங்கள் கொல்லாமையை உயர்வாகச் சொல்கின்றன. மிருக வைத்தியர்களிலேயே தமது சமய நம்பிக்கை காரணமாக இதனைச் செய்ய விரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

அகிம்சையைத் தன் வாழ்வாகக் கொண்ட காந்தியடிகளும் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தார். 1928இல் சபர்மதி ஆச்சிரமத்தில் ஒரு கன்று மாறாத நோயில் விழுந்து, புரண்டு படுக்கவும் முடியாமல் வேதனைப்பட்டது. இனிப் பிழைக்காது என்று மருத்துவம் கைவிட்ட நிலையில், தம் முன்னிலையிலேயே வைத்தியரைக் கொண்டு நச்சு ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. நாடெங்குமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்தன. அவர் தாம் செய்ததை மறைக்கவில்லை. தமது பத்திரிகையிலேயே எழுதி விளக்கினார். கோபத்தாலோ சுயநலத்தாலோ உயிரை எடுப்பதே இம்சை, வேறு வழியில்லாதபோது அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகவே செய்வது இம்சை ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை ஏற்காதவர்களும் அன்று இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்தக்கூடாது. ஆனால் இயற்கையாகவே போகட்டும் என்று முடிவெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த வழியிலும் வலி நிவாரணியும், சுத்தமான படுக்கையும், அருகிலிருந்து பார்க்க ஓர் ஆளும் தேவை. பாவத்துக்குப் பயந்து ஊசியை மறுத்துவிட்டு, அந்தச் சீவனைக் கோடிப்புறத்தில் எறும்பு மொய்க்க விடுவது எந்தச் சமயத்துக்கும் ஏற்றதல்ல.

நஞ்சு வைப்பது, அடிப்பது, தண்ணீரில் அமிழ்த்துவது ஆகியன கருணையில் சேராதவை. மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான கட்டளைச் சட்டம் எமது நாட்டில் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதேபோல, மனிதருக்கான வலி மாத்திரைகளை நாமாகவே கொடுக்கவும் கூடாது. ஒரு பரசிற்றமோல் மாத்திரையே பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடியது.

வீட்டில் நடப்பது என்ன?

வைத்தியசாலைக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால் நோயுற்ற நாய் குலுக்கத்திலும் பயத்திலும் மேலும் வேதனைப்படும். அதனால் வீட்டுக்கு வரக்கூடிய வைத்தியர் கிடைத்தால் நல்லது. உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்தச் சேவையைச் செய்வாரா, என்ன மருந்து பாவிப்பார், செலவு எவ்வளவு என்பவற்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உங்கள் உரிமை.

செல்லிக்கு முருங்கை மரத்தடியில், அது வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே பாய் விரித்தோம். வைத்தியரிடம் கேட்டு, பாலில் தோய்த்த பாண் துண்டொன்றைப் பெரியம்மா ஊட்டினார். முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி. பத்து, பதினைந்து நிமிடத்தில் செல்லி பெரியம்மாவின் மடியில் தலையை வைத்து ஆழ்ந்த நித்திரைக்குப் போனது. பல வாரங்களுக்குப் பிறகு அது முனகாமல் படுத்தது அன்றுதான். அதன் பின்னரே முன்னங்கால் நரம்பில் இரண்டாவது ஊசி. இது மயக்க மருந்து வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை மிக அதிக அளவில் கொடுப்பதாகும். முதலில் மூளை உணர்விழக்கிறது, பின்னர் மூச்சு நிற்கிறது, அதன் பிறகு இதயம் நிற்கிறது. உணர்வு முதலிலேயே போய்விடுவதால் மூச்சு நிற்பதை அந்தச் சீவன் அறிவதில்லை. சில நிமிடங்களில் வைத்தியர் இதயத்துடிப்பைப் பரிசோதித்து, "முடிந்துவிட்டது" என்றார்.

சில விடயங்களை முன்பே தெரிந்து வைத்திருந்தால் மனம் பதறாது. கண்கள் மூடாமல் திறந்தே இருக்கும். சலமோ மலமோ வெளியேறலாம். தசைகள் துடிக்கலாம், ஓரிரு தடவை மூச்சு இழுப்பது போலவும் தோன்றலாம். இவை உயிரோ வலியோ அல்ல, உடலின் அனிச்சைச் செயல்கள் மட்டுமே.

புதைக்கும்போது

இந்த மருந்து இறந்த உடலில் தங்கியிருக்கும். அதைத் தோண்டித் தின்னும் நாய்களும் காகங்களும் நஞ்சூட்டப்பட்டு இறக்கக்கூடும். ஆகவே குறைந்தது நான்கு அடி ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எமது குடிதண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் அடியிலிருந்து வருவது. மேலே புதைப்பது எளிதில் கீழே கசியும். கிணற்றடியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி இடம் தெரிவு செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நாய்க்கு விசர் நோய் என்ற சந்தேகம் இருந்தாலோ, அண்மையில் யாரையாவது கடித்திருந்தாலோ இவை எதுவும் பொருந்தாது. அதைத் தொடாமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மிருக வைத்தியருக்கும் உடனே அறிவியுங்கள். கடிபட்டவர் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அழுவதற்கு உரிமை உண்டு

பெரியம்மா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நாய்க்காகவோ இந்த அழுகை?" என்று ஒருவர் கேட்டதும் அவர் என்னோடும் கதைக்காமல் இருந்துவிட்டார். போரில் மனிதர்களைப் பறிகொடுத்த ஊரில், ஒரு நாய்க்காக அழுவது வெட்கத்துக்குரியது என்று அவரே நினைத்தார்.

அமெரிக்க அறிஞர் கெனத் டோகா 1989இல் இவ்வகைத் துயருக்குப் பெயரொன்று கொடுத்தார். அங்கீகரிக்கப்படாத துயரம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இழப்பு உண்மையானது, ஆனால் சமூகம் அதை இழப்பாக ஏற்பதில்லை. எட்டுச் சடங்கில்லை, துக்கம் விசாரிக்க வருவோர் இல்லை, வேலைக்கு லீவு இல்லை. வெளியே காட்ட முடியாததால் அந்தத் துயரம் உள்ளேயே நின்று வருத்துகிறது. தனியாக வாழும் முதிய பெண்களை இது அதிகம் தாக்குவதை நான் வேலை செய்யும் இடங்களில் காண்கிறேன். நாய்க்குச் சோறு வைக்கவென்று அடுப்பு மூட்டியவர்கள், அது போனபின் தமக்காக மட்டும் சமைப்பதையே விட்டுவிடுகிறார்கள். அவர்களை ஓரிரு வாரமாவது போய்ப் பாருங்கள், ஒரு நேரச் சாப்பாடு கொண்டுபோங்கள்.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். "ஓடிப்போய்விட்டது" என்றால் அவர்கள் தேடுவார்கள். "நித்திரையாக்கிவிட்டோம்" என்றால் சின்னப் பிள்ளைகள் தாம் நித்திரைக்குப் போகவே பயப்படுவார்கள். "மாறாத வருத்தம், வலி தாங்க முடியவில்லை, வைத்தியர் மருந்து கொடுத்தார், செத்துவிட்டது, இனி வலி இல்லை" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

கடைசியாக ஒன்று. செல்லிக்கு வந்த முலைப்புற்று, கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய்களில் அதிகம் காணப்படுவது. அவற்றில் வரும் இத்தகைய கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கக்கூடும். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் இந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடுகிறது. சந்தையடியில் விடப்படும் குட்டிகளும் குறையும். உங்கள் வீட்டில் இளம் பெட்டை நாயொன்று இருந்தால், அதன் அடிவயிற்றை மாதம் ஒரு தடவை தடவிப் பாருங்கள். உங்கள் பகுதியில் கருத்தடை முகாம் எப்போது நடக்கிறதென்று மிருக வைத்திய அலுவலகத்தில் இந்தக் கிழமையே விசாரித்துவிடுங்கள்.