சிறார் திரை – 11: ஏழு பேரும் வெளியே!

ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 நெருங்கினால் போதும், பள்ளிகளில் குறும்பட வேலை சூடு பிடித்துவிடும். கதை பெரும்பாலும் ஒன்றுதான். அடங்காத ஒரு பையன். அவனுக்காகக் கைக்காசைப் போட்டு ஃபீஸ் கட்டும் சார். இருபது வருடம் கழித்து வாசலில் சைரன் வைத்த கார் வந்து நிற்கும். கலெக்டர் இறங்கி வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கும் கிழவரின் காலில் விழுவார். பின்னணியில் புல்லாங்குழல். நமக்குக் கண் கலங்கிவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் எதிரே தரையில் உட்கார்ந்து பார்க்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் படத்தில் ஒரு வேலையும் இல்லை. சார் நல்லவர், கும்பிடு. தீர்ந்தது.

சென்ற வாரம் பார்த்த ‘சிவப்பு பலூன்’ படத்தில், பலூன் பின்னாலேயே வந்த குற்றத்துக்காகப் பையனைப் பள்ளியிலேயே அடைத்துவைப்பார்கள். இந்த வாரம் பார்க்கப்போவது அதைவிட வம்பான வகுப்பறை. டெஹ்ரான், 1979. இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி.

கியாரோஸ்தமியை உலகம் பெரிய இயக்குநராகக் கொண்டாடியது பிற்பாடு. ஆரம்பத்தில் அவர் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். ‘கானூன்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறுவர் – இளைஞர் அறிவு வளர்ச்சி நிறுவனம் ஈரானில் 1965-ல் தொடங்கியது. நூலகம், புத்தக வெளியீடு என்று நடந்துகொண்டிருந்த அந்த நிறுவனத்தில் திரைப்படப் பிரிவு அமையக் காரணமானவர்களில் கியாரோஸ்தமியும் ஒருவர். அவருடைய முதல் குறும்படமே (1970) அங்கே எடுத்ததுதான். சம்பளம் கொடுத்துச் சிறுவர் படம் எடுக்கச் சொன்ன இடம். அவரும் அடுத்த இருபது வருடத்துக்குப் பிள்ளைகளையும் பள்ளியையும் விடாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

‘முதல் வடிவம், இரண்டாம் வடிவம்’ 53 நிமிடப் படம். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் காது படம் வரைந்துகொண்டிருக்கிறார். வெளிக்காது, உள்காது என்று சாக்பீஸ் நகர்கிறது. முதுகு திரும்பியிருக்கிற அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து தாளம் போடும் சத்தம். திரும்பிப் பார்க்கிறார், சத்தம் நிற்கிறது. மறுபடி வரையப் போனால் மறுபடி சத்தம். அவருக்குப் பொறுமை போய்விடுகிறது. யார் என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் வெளியே அனுப்புகிறார். செய்தவன் யார் என்று சொன்னால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் ஒரு வாரம் வெளியேதான்.

அந்த ஆசிரியர் கொடுமைக்காரர் இல்லை, கவனியுங்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பாடத்தை ஒழுங்காகத்தான் நடத்துகிறார். காதைப் பற்றிப் பாடம் எடுக்கிறவருக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியவில்லை என்பது கியாரோஸ்தமியின் குறும்பு. அதை ஒரு வார்த்தையில்கூட அடிக்கோடிட்டுக் காட்டாமல் விட்டிருப்பது அவருடைய திறமை.

ஏழு பேரும் நடைபாதையில் நிற்கிறார்கள், சாய்கிறார்கள், கால் மாற்றுகிறார்கள். முதல் வடிவத்தில், வாரம் முடியும் முன்பே ஒருவன் உள்ளே போய்ப் பெயரைச் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். நம்மூர்ப் பிள்ளைகள் பாஷையில் போட்டுக் கொடுத்துவிட்டான். இரண்டாம் வடிவத்தில் யாருமே வாயைத் திறப்பதில்லை. வாரம் முடிந்து ஏழு பேரும் வகுப்புக்குத் திரும்புகிறார்கள்.

கதை இவ்வளவே. மீதிப் படம் முழுக்க விசாரணை. இந்தக் காட்சிகளைப் பெரியவர்களுக்குப் போட்டுக்காட்டி, எந்தப் பையன் செய்தது சரி என்று கேட்கிறார் இயக்குநர். முதலில் அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள். தன் மகன் போட்டுக் கொடுக்க வேண்டுமா, தண்டனையை ஏற்றுக்கொண்டு வெளியே நிற்க வேண்டுமா? வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் ‘வாத்தியார் சொன்னதைக் கேள்’ என்று முடித்துவிடக் கூடியவர்கள் கேமரா முன்னால் யோசித்து யோசித்துப் பேச வேண்டியிருக்கிறது.

பிறகு வருகிறார்கள் நாட்டின் பெரிய மனிதர்கள். படத்தை எடுக்கத் தொடங்கியது ஈரான் மன்னர் ஷாவின் ஆட்சியில். 1979 பிப்ரவரியில் புரட்சி வந்து ஆட்சியே கவிழ்ந்துவிட்டது. முன்பு எடுத்த கருத்துகளைத் தூக்கி வைத்துவிட்டு, புதிதாக அதிகாரத்துக்கு வந்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டார் கியாரோஸ்தமி. வெளியுறவு அமைச்சர் இப்ராஹிம் யஸ்தி, வானொலி – தொலைக்காட்சித் தலைவர் சாதிக் கோத்ப்சாதே, கம்யூனிஸ்ட் கட்சியான தூதேயின் தலைவர் கியானூரி, புரட்சி நீதிமன்றத்தில் மரண தண்டனைகளை வழங்கிவந்த கல்காலி, ஆர்மீனியப் பேராயர், யூத மத குரு என்று எல்லாரும் வந்து உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்கிறார்கள். வாய் திறக்காத பிள்ளைகளுக்குப் பாராட்டு. போட்டுக் கொடுத்தவனுக்குக் கண்டனம், சிலரிடம் கொஞ்சம் இரக்கம். அவனை அந்த நிலைக்குத் தள்ளிய ஆசிரியரும் கல்வி முறையும்தான் குற்றவாளி என்றும் குரல் வருகிறது. ஷாவின் உளவுத்துறையான சவாக்கின் நிழலில் வாழ்ந்துவிட்டு வந்த நாடு. காட்டிக் கொடுப்பது என்றாலே அவர்களுக்கு வேறு முகங்கள் ஞாபகம் வந்திருக்கும்.

அடுத்து நடந்ததுதான் படத்தைவிடக் கசப்பு. யஸ்தி அந்த ஆண்டு நவம்பரிலேயே பதவி விலகினார். கோத்ப்சாதே 1982-ல் சதிக் குற்றச்சாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கியானூரியை 1983-ல் பிடித்து, தொலைக்காட்சியில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். படமும் முடக்கப்பட்டது, வெகுகாலம் வெளியே வரவில்லை.

ஈரானுக்கும் ஓர் ஆசிரியர் தினம் உண்டு, மே 2. அந்தத் தேதிக்கு முதலில் காரணமானவர் அபுல்ஹசன் கான்அலி என்ற ஆசிரியர். 1961-ல் சம்பள உயர்வு கேட்டு டெஹ்ரானில் ஆசிரியர்கள் நடத்திய போராட்டத்தில் சுடப்பட்டு இறந்தவர். 1979 மே 1 இரவு மதச் சிந்தனையாளர் மொர்தசா மொதஹரி கொல்லப்பட்ட பிறகு, அந்த நாள் அவர் பெயருக்கு மாறிவிட்டது. ஆசிரியருக்கு மரியாதை என்பதைக்கூட ஆட்சிக்கு ஆட்சி வேறு ஆள் பெயரில் செலுத்த வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பிற்பாடு, 1989-ல் வெளிவந்த ‘வீட்டுப்பாடம்’ என்ற ஆவணப்படத்துக்காக டெஹ்ரானின் ஒரு தொடக்கப்பள்ளிக்கு கேமராவோடு போனார் கியாரோஸ்தமி. இதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பையனாக உட்கார வைத்து, ஹோம்வொர்க் பிடிக்குமா, கார்ட்டூன் பிடிக்குமா என்று கேட்கிறார். கூசாமல் ஹோம்வொர்க் என்கிறார்கள்! தண்டனை என்றால் என்ன என்று கேட்டால் பெல்ட்டைச் சொல்லத் தெரிகிறது. பாராட்டு என்றால் என்ன என்றால் பலர் திருதிருவென்று விழிக்கிறார்கள். மஜீத் என்று ஒரு பொடியன் வருகிறான். கறுப்புக் கண்ணாடி போட்ட கியாரோஸ்தமியையும் எதிரே நிற்கும் கேமராவையும் பார்த்துவிட்டு அழ ஆரம்பிக்கிறான். வெளியே நிற்கும் நண்பன் உள்ளே வந்தால்தான் பேசுவேன் என்கிறான். நண்பனைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தியதும், தேம்பலோடு ஒரு பிரார்த்தனைப் பாட்டை முழுசாகச் சொல்லி முடிக்கிறான்.

அந்தப் பிள்ளைகள் ஆசிரியரை மதிக்கிறார்களா என்று கேட்டால், பள்ளியில் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஹோம்வொர்க் பிடிக்கும் என்று சொல்வதைப் போலவே. பயந்த பிள்ளையிடமிருந்து கிடைக்கும் வணக்கத்தை மரியாதைக் கணக்கில் எழுதிக்கொள்கிற படங்கள்தான் நம் ஆசிரியர் தினக் குறும்படங்களில் முக்கால்வாசி. மாணவனுக்குத் தேர்வு வைக்கிறார்கள், ஆசிரியருக்கு மாலை போடுகிறார்கள். கியாரோஸ்தமி ஆசிரியரையும் தேர்வு எழுத உட்கார வைத்தார். ஒரு மனிதரை அவர் செய்கையை வைத்து எடைபோடுவதும் அவருக்குக் கொடுக்கும் மரியாதைதான் என்பது என் கட்சி.

தமிழக அரசுப் பள்ளிகளில் இப்போது சிறார் படங்கள் திரையிடுகிறார்கள். நல்ல காரியம். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்ப்புக் கிடைத்தால் ‘முதல் வடிவம், இரண்டாம் வடிவம்’ படத்தின் முதல் வடிவத்தை மட்டும் போட்டு நிறுத்திவிட்டு, யார் செய்தது சரி என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இடையில் நீங்கள் பேசாதீர்கள். அப்புறம் அதே கேள்வியை ஸ்டாஃப் ரூமிலும் கேளுங்கள். ‘தப்பு சார் பேர்லதான்’ என்று ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து சொன்னால், பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

(தொடரும்)